புள்ளிக் கத்தாழை

நாலு மணிக்கு வாரேன்னு தேவசகாயம் சார் சொல்லியிருக்காரு, இப்ப ரெண்டே முக்கால், அதுக்குள்ள என்னத்தையாவது செஞ்சாகணும்னு மனசு அடிச்சுக்குது, ஆனா செய்றதுக்கு ஒண்ணும் இல்லைங்கிறதுதான் நிஜம். பாத்திரம் கழுவியாச்சு, அடுப்படியைத் துடைச்சாச்சு, வர்றவருக்குக் குடுக்கச் சேவு வாங்கி டப்பாவுல போட்டாச்சு. அவுக உள்ள கட்டில்ல சாஞ்சு ரேடியோ கேக்குறாக. தூங்கலை. தூங்கினா மூச்சுச் சத்தம் மாறும், முப்பத்தெட்டு வருஷமா அந்த மூச்சைக் கேட்டுக்கிட்டுத்தானே கிடக்கேன். நான் வாசப்படியில உக்காந்து அந்தக் கத்தாழையைப் பாத்துக்கிட்டிருக்கேன், அதுவும் என்னையப் பாத்துக்கிட்டு நிக்குது. பச்சை. வெறும் பச்சை. தண்டவாளத்து ஓரத்துல ஆடு கூட மோந்து பாக்காம போகுமே, அந்த ரயில் கத்தாழை. இதைப் பாக்கத்தான் அந்த மனுசன் பாளையங்கோட்டையிலருந்து சாத்தூர் கல்யாணத்துக்கு வந்த கையோட இங்கயும் ஒரு எட்டு வாராரு. நாலு வருஷத்துக்கு முந்தி அவரு தன் கையால கொண்டாந்து குடுத்தது இதுவா. அது ஊதாப் புள்ளி போட்ட ஹைபிரிட், ரெண்டு ரகத்தை ஒண்ணாச் சேத்து எவனோ எங்கயோ உண்டாக்கினது, பெங்களூர் நர்சரியில ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு மாஸ்டர்னு சொல்லிக் குடுத்தாரு. அது செத்துப் போச்சு. செத்து ரெண்டு மாசம் ஆச்சு. அவுகளுக்குத் தெரியாது. ஏன் தெரியாதுன்னா அவுகளுக்குக் கண்ணு தெரியலை. கண்ணு தெரியலைங்கிறது எனக்குத் தெரியும்ங்கிறது அவுகளுக்குத் தெரியாது. நாலு மணிக்கு சார் வந்து, என்ன மாஸ்டர், நான் குடுத்த செடி எங்கன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும், அம்புட்டும் வெளிய வந்துரும். கழுத்து வலிக்குது. காலையிலருந்து வலிக்குது.

காளிராஜன் மாஸ்டர்னு சொன்னா திருத்தங்கல்லருந்து சிவகாசி வரைக்கும் பிரஸ்காரங்க அத்தனை பேருக்கும் தெரியும். கலர் மாஸ்டர். காலண்டர் தாள் மெஷின்லருந்து விழுந்த உடனே லென்சை வச்சு ஒரு பார்வை பாப்பாக, அம்மன் உதட்டுல சிவப்பு தள்ளி விழுந்திருக்குன்னு சொல்லுவாக. முதலாளி, மெஷின்மேன் எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சு பாத்தாலும் ஒருத்தர் கண்ணுக்கும் ஒண்ணும் தெரியாது, ஆனா மெஷினை நிறுத்தி ஒரு திருகு திருகினா அம்மன் பேசப் போற மாதிரி ஆயிரும். எனக்குப் புடவை எடுக்கப் போனாலும் இதே கூத்துதான், கடை டியூப்லைட்டை நம்பாதேன்னு புடவையை விரிச்சுத் தெருவுக்கே தூக்கிட்டு வந்துருவாக, கடைக்காரரு பின்னாலயே ஓடி வருவாரு, எனக்கு மானம் போகும். இந்தச் செடி வந்த அன்னைக்கும் அதே லென்சை எடுத்துக்கிட்டுப் போய் எலைக்குப் பக்கத்துல குத்த வச்சாக. பாரு கனி, எந்த மெஷினும் இப்படிப் புள்ளி போடாது, ஓரத்துல ஊதா ஏறி ஏறி நடுவுல எப்படிக் கலையுது பாருன்னு சின்னப்பிள்ளை கணக்காச் சொன்னாக. கை மட்டும் வைக்க மாட்டாக. அது பிரஸ் பழக்கம், ஈரத்தாளுல விரல் பட்டா போச்சுன்னு அம்பது வருஷமா உடம்புல ஊறினது. ரிட்டயர்டு ஆன பெறகும் காலண்டர் சீசன்ல பிரஸ்காரங்க கூப்பிட்டு அனுப்புவாங்க. போன வருஷம் கூப்பிடலை. ஏன்னு இவுக கேக்கலை, அவங்களும் சொல்லலை. ஒன்பது நாள் சுவத்தைப் பாத்துப் படுத்துக் கிடந்தாக. சோறு கொண்டு போனா ரெண்டு வாய் தின்னுட்டு தட்டைக் கட்டிலுக்கு அடியில தள்ளிருவாக. பத்தாம் நாள் எந்திரிச்சு வந்தவுக நேரா இந்தச் செடிக்கிட்டத்தான் போனாக. அதுக்குப் பெறகுதான் ஒழுங்காச் சாப்பிட்டாக. முப்பத்தெட்டு வருஷமாச் சோறு போட்ட நான் எந்திரிக்க வைக்கலை, ஒரு கத்தாழை எந்திரிக்க வச்சிருச்சு. வயித்தெரிச்சலாத்தான் இருந்துச்சு, சொன்னா என்ன. இப்ப இன்னொரு தடவை படுத்தாகன்னா எந்திரிக்க மாட்டாக, அது எனக்கு நல்லாத் தெரியும்.

மதுரையில கண்ணு டாக்டர் சொன்னப்ப நானும் கூடத்தான் இருந்தேன். விழித்திரை நடுவுல தேஞ்சுக்கிட்டு வருதும்மா, முழுசா இருட்டாயிராது, ஓரத்துல தெரியும், நடக்கலாம், திரியலாம், நடுவுல மட்டும் வர வரத் தெரியாதுன்னாரு. அதாவது எதைப் பாக்கணும்னு திரும்புறாகளோ அது மட்டும் தெரியாது, பாக்க வேண்டாததெல்லாம் தெரியும். இப்படியும் ஒரு சீக்கை வச்சிருக்கான் கடவுள். வீட்டுக்கு வந்து நான் கையை மடக்கி மூஞ்சிக்கு நேரா வச்சுக்கிட்டு அடுப்படியில நடந்து பாத்தேன், கதவு தெரிஞ்சது, ஜன்னல் தெரிஞ்சது, அடுப்புல இருந்த பால் தெரியலை, பொங்கி ஊத்திருச்சு. ஊசி மூணு போட்டாங்க, நாலாவதுக்கு வரமாட்டேன்னுட்டாக. இப்ப நல்லாத்தான் இருக்கு, அது நின்னுருச்சுன்னாக. சரி, நின்னுருச்சுன்னா நின்னுருச்சு. தினத்தந்தியைக் காலையில விரிச்சு வச்சுக்குவாக, பக்கத்தைத் திருப்புவாக, நான் காபி கொண்டு போகையில என்ன விசேஷம்னு கேட்டா ரேடியோவுல கேட்டதைச் சொல்லுவாக. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சும் இருக்கும், தெரியாத மாதிரி இருக்கிறது லேசா இருந்துச்சு. எம்மக வான்மதி சும்மா விடலை, சித்திரையில ஓசூருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா, பெங்களூர்ல பெரிய டாக்டர்கிட்டக் காட்டுறேன்னு. நானும் போயிருக்கணும். பைப்புல பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணி வர்ற ஊர்ல வீட்டைப் பூட்டிட்டு எப்படிப் போறது, ஒரு முறை விட்டா அடுத்த பத்து நாளைக்கு என்ன செய்றது. நீ இருந்து பிடி கனின்னுட்டாக. கிளம்பும்போது வாசல்ல நின்னு சொன்னாக, செடிக்குத் தண்ணி கிண்ணி ஊத்திராத, அதுக்கு மழை போதும், குருத்துல தண்ணி நின்னா அழுகிரும். கரிசலை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி எடுத்துட்டு செங்கச் சல்லியும் மணலும் போட்டுப் பாத்தி கட்டினவுக, சொன்னா காரணத்தோடதான் சொல்லுவாக. சரின்னு தலையாட்டுனேன்.

ஆட்டிட்டு என்ன செஞ்சேன். அக்னி நட்சத்திரம். வெயில் அப்படி ஒரு வெயில், சல்லி எல்லாம் வறுத்த கடலை கணக்காக் கொதிக்குது, அதுக்கு நடுவுல அது ஒத்தையா நிக்குது, எலை கொஞ்சம் சுருங்கின மாதிரி எனக்குத் தோணுச்சு. ஒத்தையாளுக்கு அரை உழக்கு அரிசி களைஞ்சு பொங்குறேன், களைஞ்ச தண்ணி இருக்கு, கல்யாணமாகி வந்த நாள்லருந்து அந்தத் தண்ணியைச் சாக்கடையில ஊத்தினதே கிடையாது, கருவேப்பிலைக்கு ஊத்துவேன், மல்லிகைக்கு ஊத்துவேன், இந்த ஊர்ல பொம்பளையாப் பொறந்த யாரும் அதைச் சாக்கடையில ஊத்த மாட்டா, கை வராது. ஒரு செம்பு ஊத்தினேன். குடிச்ச மாதிரி இருந்துச்சு. மறுநாளும் ஊத்தினேன், நல்லா நடுக்குருத்துல பாத்து, பாவம்னு. அவுக இல்லாத வீட்டுல பேச்சுத்துணைக்கு அதுதான் இருந்துச்சு, குடி, குடின்னு சொல்லிக்கிட்டே ஊத்தினேன். எட்டாம் நாள் ஒரு வாடை, எலி செத்துக் கிடக்கோன்னு தேடினேன். செடிக்கிட்டப் போய் குருத்தை லேசாப் பிடிச்சேன், அம்புட்டும் கையோட வந்துருச்சு, அடியெல்லாம் கஞ்சி. கையில அந்தக் குருத்தை வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் நின்னேன்னு தெரியலை. பால் பட்ட இடமெல்லாம் அரிச்சு அரிச்சுத் தடிச்சுப் போச்சு. அவுக வாரதுக்கு ரெண்டு நாள் இருக்கு. படுக்கப் போறாக, சுவத்தைப் பாத்துப் படுக்கப் போறாகன்னு அது ஒண்ணுதான் மண்டைக்குள்ள ஓடுச்சு.

அப்புறம் நான் செஞ்சதை நினைச்சா எனக்கே சிரிப்பு வருது, சிரிக்கத்தான் தெம்பில்லை. விடிஞ்சதும் கடப்பாரையைச் சாக்குல சுத்திக்கிட்டு தண்டவாளத்துப் பக்கம் போனேன், அறுபது வயசுப் பொம்பளை. அதே உயரத்துல ஒண்ணு பாத்துத் தோண்டினேன். ரயில் கத்தாழை ஓரமெல்லாம் கொக்கி கொக்கியா முள்ளு, செத்துப் போனது ஓரம் மெத்துன்னு இருக்கும், பேருக்குத்தான் முள்ளு. அதை எல்லாம் யோசிக்கிற நிலைமையிலயா இருந்தேன். ஷேர் ஆட்டோவுல மடியில வச்சுக்கிட்டு வாரேன், சாக்கைத் தாண்டித் தொடையில குத்துது, பக்கத்துல இருந்த பொம்பளை, என்னக்கா மருந்துக்காங்கிறா. ஆமா, மூட்டுவலிக்கு, அரைச்சுப் பத்துப் போடணும்னேன். என் வாயிலருந்து எப்படித்தான் வந்துச்சோ. நட்டு வச்சு, சல்லியை முன்ன மாதிரியே பரத்தி விட்டு, தள்ளி நின்னு பாத்தா அறிவில்லாத மாடு கூட ஏமாறாது. வான்மதி எப்பவோ விட்டுட்டுப் போன நகப்பூச்சு ஒண்ணு கிடந்துச்சு, அதை எடுத்துட்டு வந்து ஒரு எலையில புள்ளி வச்சேன். பத்துப் பன்னெண்டு புள்ளி. அம்மை போட்ட மாதிரி இருந்துச்சு. மண்ணெண்ணெயைத் தொட்டு அழிச்சேன், எலை வெந்து போச்சு, அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. சரி, உண்மையைச் சொல்லிருவோம், வந்த உடனே வாசல்லயே சொல்லிருவோம், திட்டினா திட்டட்டும்னு முடிவு பண்ணி, என்ன என்ன வார்த்தை சொல்லணும்னு கூட மனசுல கோத்து வச்சிருந்தேன். வான்மதி பஸ் ஏத்தி விட, அவுக மட்டும் தனியா ஆட்டோவுல வந்து இறங்கினாக. பையை என்கிட்டக் குடுத்துட்டு நேரா செடிக்கு முன்னால போய் நின்னாக, குனிஞ்சாக. பரவாயில்லையே கனி, இந்த வெயில்லயும் புள்ளி நல்லா ஏறியிருக்கேன்னாக.

அந்த நிமிஷத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். கோத்து வச்ச வார்த்தை அம்புட்டும் உள்ளயே போயிருச்சு. ஆமான்னு சொன்னேன். வேற என்ன சொல்றது, உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னா. அதுலருந்து தினமும் காலையில ஒரு தடவை கேக்குறாக. இன்னைக்குப் புள்ளி நல்லா இருக்குல்ல. ஆமா. கீழ் எலையில ஊதா கூடின மாதிரி இருக்கே. ஆமா, கூடித்தான் இருக்கு. கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் நிப்பாக, நான் ஆமாங்கவும் உள்ள போயிருவாக. ஒரு ஆமாவுக்கு நாள் பூராத் தெம்பு போயிருது எனக்கு. கல்லு ஒடைக்கிற வேலைக்குப் போனாக் கூட இம்புட்டு அசதி வராது. அவுக முன்னால மூஞ்சியைச் சிரிச்ச மாதிரியே வச்சிருக்கணும், குரல்ல ஒண்ணும் தெரியக்கூடாது, நடக்கையில நாற்காலியை வழியிலருந்து தெரியாம நகத்தி வைக்கணும், மாத்திரையை நிறம் மாறாம டப்பாவுல போடணும், அதைப் போடுறது நான்னு தெரியக்கூடாது. வான்மதிகிட்டச் சொல்லலாம்னா, பெங்களூர் டாக்டர் பாத்தாரும்மா, அப்படியே இருக்குன்னாரு, ஒண்ணும் கூடலைங்கிறா. அவளுக்கும் இவுக என்னத்தையோ சொல்லி வச்சிருக்காக. இல்லை, அவளும் என்கிட்ட மறைக்கிறாளோ என்னமோ. ஆளுக்கு ஆள் மறைச்சுக்கிட்டு ஒரு குடும்பம் நடக்குது. தேவசகாயம் சாருக்குக் காலையிலருந்து மூணு தடவை போன் போட்டேன், கல்யாண மேளத்துல கேட்டிருக்காது. கிடைச்சிருந்தாத்தான் என்ன சொல்லியிருப்பேன். சார், செடி செத்துப் போச்சு, நீங்க அது சாகலைன்னு சொல்லணும்னா. அவரு தாவரவியல் வாத்தியார், செடியில பொய் சொல்லச் சொன்னா கோவம் வராதா. செடியைப் பிடுங்கி எறிஞ்சுட்டு மாடு மேஞ்சிருச்சுன்னு சொல்லலாமா, கத்தாழையை எந்த மாடு மேயும். இன்னொரு பொய்க்கு உடம்புல இடம் இல்லை.

மூணே முக்காலுக்கே கார் வந்துருச்சு. நான் கார்கிட்ட ஓடி முதல்ல ஒரு வார்த்தை காதுல போட்டுரலாம்னு எந்திரிச்சேன், முட்டி பிடிச்சுக்கிச்சு, அதுக்குள்ள அவுக சட்டையை மாட்டிக்கிட்டு என்னையத் தாண்டிப் போயிட்டாக. ரேடியோவைக் கேட்டுக்கிட்டிருந்தாகன்னு நினைச்சேன், காரைத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்காக. வாங்க சார், வாங்க வாங்கன்னு கையைப் பிடிச்சு நேரா பாத்திக்கே கூட்டிக்கிட்டுப் போயிட்டாக. வந்தவருக்குத் தண்ணி கூடக் குடுக்கலை. சார் தலையெல்லாம் நரைச்சு, வேட்டி சட்டையில, கல்யாணச் சந்தனம் நெத்தியில காஞ்சு போய் நின்னாரு. செடியைப் பாத்தாரு. பாருங்க சார், புள்ளி எப்படி ஏறியிருக்குன்னு அவுக சொல்றாக. சார் அவுகளைப் பாத்தாரு. அப்புறம் என்னையப் பாத்தாரு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையை எறக்கலை, அம்புட்டுத்தான். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்த மனுசன், ஒரு நிமிஷம் தரையைப் பாத்துட்டு, ஆமா மாஸ்டர், என்னமா வந்திருக்கு, என் வீட்டுல இருக்கிற செடி ஒண்ணு கூட இப்படி வரலை, உங்க கைராசின்னாரு. ஊதா நல்லா ஓடியிருக்கு, ஓரத்துல பாருங்க, சிவப்புக் கூடத் தட்டுதுன்னாரு. நிறுத்த மாட்டாரான்னு இருந்துச்சு. சேவு ரெண்டு எடுத்தாரு, காபியைப் பாதி குடிச்சாரு, கண்ணு எப்படி இருக்குன்னு கேக்கவே இல்லை. கிளம்பும்போது அவுக கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னாரு. கார் போச்சு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு, தப்பிச்சோம்னு அப்படியே படியில உக்காந்துட்டேன்.

அவுக பாத்திக்கிட்டயே நின்னாக. சாரும் பொய் சொல்லிட்டுப் போறாரு கனின்னாக. சாதாரணமாத்தான் சொன்னாக, காபியில சீனி கம்மின்னு சொல்ற மாதிரி. சாவு விழுந்த துட்டி வீட்டுல கையைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சாரு பாத்தியா, அப்ப ஊருக்கே தெரிஞ்சிருச்சுன்னு அர்த்தம், நான்தான் ஒளிச்சு வச்சிருக்கேன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்னாக. என்ன சொல்றீகன்னு கேட்டேன். வந்த அன்னைக்கு நிஜமாவே தெரியலை, பழக்கத்துல புள்ளின்னுட்டேன், மறுநா காலையில கையை வச்சுப் பாத்தேன், கிழிச்சிருச்சு, என் செடி கிழிக்காதுன்னாக. ஏங்க, அம்பது வருஷமா எதுலயும் கை வைக்காத மனுசனான்னு கேட்டேன். கண்ணு இருந்துச்சு, வைக்கலை, இப்ப வைக்காம என்ன செய்றதுன்னாக. அப்புறம் ஏன் தினமும் கேட்டீக. எனக்குக் கோவம் வந்துருச்சு, அழுகையும் சேந்து வந்துச்சு, ரெண்டு மாசமா என்னை ஏன் இப்படிப் போட்டு வாட்டினீக. நீ ஒரு தடவை இல்லைன்னு சொல்லுவேன்னு பாத்தேன் கனி, நீ இல்லைன்னு சொல்லியிருந்தா நானும் எனக்குத் தெரியலைன்னு சொல்லியிருப்பேன், நானா எப்படிச் சொல்லுவேன்னாக.

நான்தான் கொன்னேன், அரிசி களைஞ்ச தண்ணியை ஊத்தி ஊத்தி நான்தான் கொன்னேன்னு சொன்னேன். தெரியும், அந்த வாடை நான் வந்தும் நாலு நாள் போகலையேன்னாக. காலால தடவித் தடவி வந்து எனக்குப் பக்கத்துல படியில உக்காந்தாக. கண்ணு தெரியாததை ஒளிக்காம அவுக நடந்து நான் பாத்தது அதுதான் முதல் தடவை. செடி போனாப் போகுது, உன் மூஞ்சியே தெரியலை, பங்குனியிலருந்து தெரியலை, நேராப் பாத்தா நீ இருக்கிற இடத்துல ஒண்ணுமே இல்லைன்னாக. அவுக முன்னால சிரிச்ச மாதிரி வச்சிருந்தேனே, அம்புட்டு நாளும் யாருக்கு வச்சிருந்தேன். பிடிச்சு வச்சிருந்ததை விட்டுட்டேன், கன்னமெல்லாம் தொங்கிப் போச்சு, கழுத்து வலி விட்டுச்சு. எப்படி இருக்க இப்ப, சொல்லுன்னாக. நான் சொன்னேன். கண்ணுக்குக் கீழ கறுத்துப் போச்சு, சரியாத் தூக்கம் இல்லை. முன்பல்லு ஒண்ணு ஆடுது, உங்ககிட்டச் சொல்லலை. வகிட்டுல முடி கொட்டி மண்டை தெரியுது. நேத்துலருந்து அழுதுக்கிட்டே இருக்கேன், சத்தம் போடாம அழுதா உங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சேன். அவுக தலையைக் கொஞ்சம் ஒரு பக்கமாத் திருப்பி வச்சுக் கேட்டுக்கிட்டிருந்தாக. வேறன்னாக.